லா பால்சாவுக்கு ஓர் இடம்

"ஹலோ... ஹலோ, ஐ.சி.யூ-தானே? ... ரோஸ்மிரா சிஸ்டர் இருக்காங்களா? ... இல்லம்மா, அவங்களேதான் வேணும். ... கை வேலையா இருந்தாலும் பரவாயில்ல, கூப்பிடுங்க. கம்ப்யூட்டர் நிலையத்துல இருந்து நிடியான்னு சொல்லுங்க, போதும். ... ஆமா, ஆமா, அவசரம்தான். இல்லேன்னா ஞாயித்துக்கெழம மத்தியானம் உங்கள யாரு கூப்பிடப் போறா? ... சரி, லைன்லயே இருக்கேன்."

நிடியா கிஞோனெஸ் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். இரண்டு கையும் விசைப்பலகை மேல் இருந்தன. மணி இரண்டு நாற்பது. சாந்தா பிரிசிதா நகரத்தில் விடியற்காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இன்னொரு இயந்திரக் கூடத்தில் இரண்டு ஐந்துக்கு மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அங்கே வேலையில் இருந்த வில்மார் ஒரு வரி அனுப்பினான். அதற்குப் பிறகு அவனிடமிருந்தும் ஒன்றும் இல்லை. மாகாண அரசின் கணினிகளில் பாதி ஒரே நொடியில் செத்துப்போக, அவற்றில் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் அத்தனையும் இந்தக் கூடத்துக்கு வந்து இடம் கேட்டு நின்றன.

ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய சாமான்களோடு ஒரு கன்டெய்னருக்குள் அடைபட்டிருக்கும். எந்தக் கன்டெய்னரை எந்தக் கணினியில் உட்கார வைப்பது என்று பார்ப்பது இன்னொரு நிரலின் வேலை. அதற்கு நீளமான பெயர் உண்டு. நிலையத்தில் எல்லோரும் அதைக் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். பஸ் கண்டக்டரைப் போலவே கறார். முன்னுரிமை எண் பெரிதாக இருப்பவனுக்கு முதலில் இடம். இடம் இல்லையென்றால் சின்ன எண்காரனை எழுப்பி இறக்கிவிடும். எழுப்ப ஆள் இல்லையென்றால், வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிடும். இப்போது வாசலில் நின்ற ஒரு நிரலின் பெயருக்கு எதிரே, 'காத்திருக்கிறது' என்று மஞ்சள் எழுத்தில் முப்பத்தைந்து நிமிடமாகப் போட்டிருந்தது. ஒஸ்குரோ ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துக் லா பால்சா போன்ற கரையோர ஊர்களில் சைரன் ஊதுகிற நிரல் அது.

"சிஸ்டர்? ... ஆமா, நிடியாதான். ... இல்ல இல்ல, உங்க சிஸ்டம் நல்லாத்தான் ஓடிட்டிருக்கு. அது விஷயமாத்தான் கூப்பிட்டேன். ... கொஞ்சம் கேளுங்க. அத நான் நிறுத்தணும். ... நிறுத்திட்டு, சின்ன எடத்துல மறுபடி ஏத்தணும். பன்னண்டு நிமிஷம். ... இன்னிக்கி ராத்திரி இல்ல சிஸ்டர், இப்ப. ... சிஸ்டர்... சிஸ்டர், கத்தாதீங்க. கத்துனா நான் சொல்றது உங்களுக்குக் கேக்காது."

  திரையின் மூலையில் இருந்த ஆற்றின் எண்ணை இன்னொரு முறை பார்த்தாள்.

"... ஆறு வருது. மேல பாலத்துக்கிட்ட அளவுக் கருவி இருக்குல்ல, ரெண்டு மணிக்கு ரெண்டே முக்கால் மீட்டர் காட்டுச்சு. இப்ப அஞ்சு இருபது. ... ஆமா, அஞ்சு. நான் சரியாத்தான் படிக்கிறேன். ... அந்தத் தண்ணி லா பால்சாவுக்கு வர அரை மணி நேரம். கூடிப்போனா. ... எங்க ஊதுது? ஊதல சிஸ்டர். ஊத வேண்டிய ப்ரோகிராமுக்கு உக்கார எடம் இல்ல. வெளிய நிக்குது."

"... கூப்பிட்டேன். எல்லாரையும் கூப்பிட்டுட்டேன். லா பால்சாவுல டவர் செத்துப்போச்சு, ஒரு ஃபோனும் போகல. ஆத்தோரம் எல் வாதோவுல மட்டும் பாதிரியார் எடுத்தார், கோயில் மணிய அடிச்சு எல்லாரையும் மேட்டுக்கு ஏத்திட்டார். ... தீயணைப்பு வண்டி கெளம்பிருச்சு. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்காம், ஒரு மணி நேரம்ங்கறாங்க. ... எங்க மேனேஜரா? பேரப்புள்ளைக்கு ஞானஸ்நான விருந்து. பதினோரு தடவ அடிச்சேன், எடுக்கல. ... சைரன் கம்பத்துல பேட்டரி இருக்கு, ரேடியோ இருக்கு. இங்கேருந்து ஒரு சிக்னல் போனாப் போதும். அந்த சிக்னலக் குடுக்கிறவனத்தான் எங்க கண்டக்டர் ஏத்த மாட்டேங்கறான்."

ஞாயிற்றுக்கிழமை லா பால்சாவில் சந்தை. அந்த மலைச்சரிவில் சமதரை என்று இருப்பது ஆற்றோரத்து மணல் திட்டு ஒன்றுதான். கோழி, மரவள்ளி, வாழைத்தார், பழைய துணி எல்லாம் அங்கேதான் விரிப்பார்கள். மழை வந்தால் கடையைக் கட்டுகிற ஊர் இல்லை அது. பிளாஸ்டிக் விரிப்பை நாலு கழியில் தூக்கிக் கட்டிவிட்டு அதன் கீழே இன்னும் நெருக்கி நின்று விலை பேசுவார்கள். நிடியா அங்கே இரண்டு முறை போயிருக்கிறாள், சைரன் கம்பங்கள் நட்ட வருடத்தில்.

"... வேற யாரையாவது எறக்கலாமேன்னு எனக்குத் தோணாதா? எறக்கிட்டேன் சிஸ்டர். நிலப் பத்திரம், வரி, பள்ளிக்கூடம், லைப்ரரி, கவர்னரோட வலைப்பக்கம், எல்லாம் வெளிய. ... போலீசும் ஆம்புலன்சும் சின்னது. அதுங்கள எறக்குனாலும் பத்தாது. ... எடம் இல்லாம இல்ல. அதான் கொடும. ஒவ்வொரு மெஷின்லயும் கொஞ்சம் கொஞ்சம் கெடக்கு. ஆத்தோட கணக்கு பெருசு, அதத் துண்டு துண்டாப் பிரிச்சு உக்கார வைக்க முடியாது. ஒரே மெஷின்ல சேர்ந்தாப்புல வேணும். ... பெரிய மெஷின் மூணுதான் உயிரோட இருக்கு. மூணுலயும் நீங்கதான் இருக்கீங்க. ... ஆமா, ஆஸ்பத்திரிதான். ... அதுலயும் பாதி சும்மா கெடக்கு சிஸ்டர்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது.

போன வருடம் மார்ச்சில் மருத்துவமனையின் நிரல் இடம் போதாமல் மூச்சுத் திணறி ஓடிய ஒரு நாளில், ஆறாம் படுக்கையில் கிடந்தவரின் ரத்தப் பரிசோதனை முடிவு நாற்பது நிமிடம் தாமதமாகத் திரைக்கு வந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டார். அடுத்த வாரம் கூடிய கூட்டத்துக்கு ரோஸ்மிரா சீருடையோடு வந்தாள். முப்பத்தோரு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அதைப் போல இரண்டு மடங்கு ஒதுக்க வேண்டும், அதற்கு மேல் எந்த முன்னுரிமை எண்ணும் இருக்கக் கூடாது என்றாள். அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, சரி என்று முதலில் சொன்னவள் நிடியாதான். அன்று மாலையே தன் கையால் அந்த எண்களை எழுதினாள். எழுதிவிட்டு ரோஸ்மிராவைத் திரைக்கு முன்னால் கூட்டிவந்து காட்டினாள்.

"... உங்களக் குத்தம் சொல்லல. ... நான் அப்படிச் சொல்லல சிஸ்டர். ... நீங்க எவ்வளவு கேட்டீங்கன்னுதான் கண்டக்டருக்குத் தெரியும், எவ்வளவு செலவழிக்கிறீங்கன்னு அதுக்குக் கவலை இல்ல. பைய வெச்சுப் புடிச்ச சீட்டுல யாரையும் உக்கார விடாது, அவ்வளவுதான். ... ஆமா. ... ஆமா, சொன்னேன். 'இனிமே இதுல கை வைக்க மாட்டேன்'னு நான்தான் சொன்னேன். மறக்கல. ... அதனாலதான ஃபோன் பண்றேன்? இல்லேன்னா கேக்காமயே நிறுத்திருக்க மாட்டேனா?"

 ஃபோனில் எங்கோ ஒரு கருவி சீராக டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்துபோனார்கள். கூடத்து வாசலில் காவலாளி எவுசேபியோ நின்றுகொண்டிருந்தார். போலீஸ்காரர்கள் கொடுத்துவிட்டுப்போன ரேடியோ அவர் கையில் இரைந்தது. அவருக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நிடியாவின் முகத்தைப் பார்த்ததும், வாயில் வைத்திருந்த சிகரெட்டைப் பற்ற வைக்காமலே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"... அங்கயா? யாரும் இல்ல. ... சத்தியமா இல்ல சிஸ்டர், லா பால்சாவுல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. கம்பம் நட்டன்னிக்கு ஒரு அம்மா வறுத்த வாழைக்கா குடுத்தாங்க, அவங்க பேருகூடக் கேக்கல. ... தொள்ளாயிரம் பேரு இருப்பாங்க. சந்தைங்கறதால ஆயிரமும் இருக்கலாம். ... உங்ககிட்ட? ... பதினொண்ணு."

தொள்ளாயிரமும் பதினொன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

"... பம்ப் நிக்காது. ... இல்ல, கடைசியா நீங்க வெச்ச அளவுலயே மருந்து எறங்கிட்டிருக்கும். உங்க மேசை மேல இருக்கிற ஸ்கிரீன்தான் கறுப்பாயிரும். அலாரம் அந்தந்த பெட்டுகிட்ட மட்டும் அடிக்கும். மருந்துச் சீட்டு, ரத்த வகை, யாருக்கு எது ஒத்துக்காது, அதெல்லாம் பாக்க முடியாது. ... அதான், பிரின்ட் எடுங்க. எல்லாருக்கும் எடுங்க. ... ஆளுக்கு எவ்வளவு ஆகும்? ... முப்பது செகண்டா? ... அப்ப அஞ்சரை நிமிஷம். ... தர்றேன். ... ஆமா, அஞ்சரை நிமிஷம் தர்றேன் சிஸ்டர். ... வாக்கு. வாக்குன்னே வெச்சுக்குங்க. மணி ரெண்டு நாப்பத்தேழு. ஆரம்பிங்க. ஃபோன மட்டும் வைக்காதீங்க, ஸ்பீக்கர்ல போடுங்க."

ரோஸ்மிரா ஒத்துக்கொண்டுவிட்டாள்.  நிடியா மருத்துவமனை நிரலின் இடத்தைப் பாதியாக வெட்டுகிற கட்டளையைத் தட்டினாள். எழுத்தெழுத்தாகச் சரி பார்த்தாள். கடைசி விசையை மட்டும் அழுத்தாமல் விட்டாள். ஃபோனில் பிரின்டர் காகிதத்தை இழுத்துத் துப்புகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் உதடு அசைய எண்ணினாள்.

"... மூணு ஆச்சா? ... நல்லது. ... அண்ணே, எவுசேபியோ அண்ணே, ரேடியோவுல லா பால்சாவப் பத்தி ஏதாச்சும் சொன்னாக் கை காட்டுங்க. ... உங்ககிட்ட இல்ல சிஸ்டர், இங்க காவல்காரர்கிட்ட. ... நாலு. ... பேப்பர் சிக்கிருச்சா? ... எடுத்துட்டீங்களா? ... அப்பாடா. ... அஞ்சு. ... ஆமா, நீங்க அத வரிசையா எடுங்க, பெட் நம்பர் படியே எடுங்க."

திரையின் மூலையில் பாலத்துக் கருவியின் எண் மாறிக்கொண்டே இருந்தது. ஐந்து எண்பது. ஆறு பத்து. ஆறு ஐம்பது. ஆறு தொண்ணூறு வந்தது. அடுத்து எண் வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. நிடியா அந்தக் கோட்டைப் பார்த்தபடி பத்து வினாடி காத்தாள். எண் வரவில்லை.

"சிஸ்டர்... சிஸ்டர், கருவி போயிருச்சு. ... பாலத்துக் கருவி. பாலமே போயிருச்சுன்னு நெனக்கிறேன். ... எத்தன ஆச்சு? ... ஏழு. ... இன்னும் நாலா. ... தெரியும், ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு. வாக்குக் குடுத்தேன், தெரியும். ... சிஸ்டர், இது ஏறி ஊதறதுக்கே மூணு நிமிஷம். அப்புறம் அவங்க ஓடணும். வயசானவங்க, கைக்கொழந்தக்காரங்க... மேடு ஏறக் கால்மணி நேரம் வேணும். தண்ணி நான் நெனச்சதவிட வேகமா வருது. ... எட்டாவது வருதா? ... எவ்வளவு வந்திருக்கு? ... பாதி. ... என்னால முடியல. ... மன்னிச்சுருங்க சிஸ்டர். நிறுத்துறேன். ... நிறுத்திட்டேன்."

மணி இரண்டு ஐம்பத்தொன்று. மருத்துவமனைக்கு எதிரே இருந்த பச்சை எழுத்துகள் அணைந்தன.  ஃபோனில் பிரின்டர் பாதிக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உறுமி, அதுவும் நின்றது.

மூன்றாம் கணினியில் இடம் விழுந்ததுமே கண்டக்டர் சைரன் நிரலைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தது. 'காத்திருக்கிறது' போய் 'ஏறுகிறது' வந்தது. பாலத்துக் கருவி பேசவில்லையென்றால் அதையே ஆபத்து என்று எடுத்துக்கொண்டு ஊத வேண்டும் என எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு ஐம்பத்து நாலுக்கு முதல் சிக்னல் போனது.

"ஊதிருச்சு! சிஸ்டர், ஊதிருச்சு! ... மொதக் கம்பம் பதில் குடுத்துருச்சு. ... ரெண்டாவதும் குடுத்துருச்சு. ... மூணாவது... இன்னும் இல்ல. கீழ்த்தெருவுல இருக்கிறது. ... மறுபடி அனுப்பிட்டேன். ... இல்ல. ... இல்ல, பதில் இல்ல. மத்த ரெண்டு சத்தமும் அங்க கேக்கும். காத்து அந்தப் பக்கம் அடிச்சாக் கேக்கும். ... உங்களோடதா? ஏறிட்டிருக்கு. பாதி ஏறிருச்சு. ... மூணு மணி மூணு நிமிஷத்துக்கு வந்துரும். ... அய்யோ. ... ஒண்ணுமில்ல. ஒரு தடவ விழுந்துருச்சு, மறுபடி ஏறுது."

ஒன்றுமில்லை என்று சொன்னாளே தவிர, என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடும்போது அந்த நிரலுக்குப் பாதி இடம் போதும். எழும்பும்போது அப்படி இல்லை. எல்லா நோயாளிகளின் பதிவையும் ஒரே மூச்சில் திறக்கும், அந்த ஒரு மூச்சுக்கு முழு இடமும் வேண்டும். போன வருடத்திலிருந்து ஒரு தடவைகூட அதை முதலிலிருந்து எழுப்பிப் பார்க்கும் தேவை வரவில்லை. அதனால் யாருக்கும் தெரியாமல் போனது. அவளுக்கும்தான். ஒதுக்கிய எல்லையை மீறினாய் என்று கண்டக்டர் அதைப் பாதி வழியிலேயே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. மறுபடி ஏற விட்டது, மறுபடி தள்ளியது. ஒவ்வொரு தடவையும் அடுத்த முயற்சிக்கு முன் காக்க வைக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது.

"... இல்ல சிஸ்டர், இன்னும் வரல. ... போலீச எறக்குறேன். ஆம்புலன்ஸ ஓரமாத் தள்ளிட்டு அந்த எடத்த உங்களுக்குத் தர்றேன், கொஞ்சம் பொறுங்க. ... என்ன சத்தம் அது? ... எந்த பெட்? ... ஒம்போதா? ஒம்போது பிரின்ட் ஆகலையே. ... வலிப்பா. ... டாக்டர் யாரு? ... புதுசா வந்தவரா. ... எனக்கு இங்கேருந்து பாக்க முடியாது சிஸ்டர். உள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது, அது எழுந்தாத்தான் யாருக்கும் தெரியும். ... கைப்பட்ட? கையில பட்ட கட்டியிருப்பீங்கல்ல, எது ஒத்துக்காதுன்னு அதுல போட்டிருக்குமே? ... காலைலதான் வந்தாரா. ... பட்ட இன்னும் கட்டலையா. ... கூட யாரு வந்திருக்கா? ... சம்சாரம். எங்க? ... கீழயா? ஆள அனுப்புங்க, ஓடச் சொல்லுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ... டாக்டர் காத்திருக்க மாட்டேங்கறாரா. ... நான் என்ன சொல்ல முடியும் சிஸ்டர்? நீங்கதான அங்க நிக்கிறீங்க?"

ஃபோன் ஏதோ ஒரு மேசைமேல் விழுந்தது. அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் தூரத்தில் கேட்டது. கட்டில் சக்கரம் உருண்டது. ஒரு ஆண் குரல் அவசரமாக எண்கள் சொன்னது. ரோஸ்மிராவின் குரல் இரண்டு முறை உயர்ந்து, அடங்கியது. நிடியா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆம்புலன்ஸ் நிரலை நகர்த்தினாள், போலீஸ் நிரலை நிறுத்தினாள், கிடைத்த இடத்தை மருத்துவமனைக்குக் கூட்டினாள். இந்தத் தடவை அது விழவில்லை. மெதுவாக, ஒவ்வொரு படியாக எழுந்தது. மூன்று ஒன்பதுக்குப் பச்சை வந்தது.

"சிஸ்டர், வந்துருச்சு! ... சிஸ்டர்! யாராவது ஃபோன எடுங்க, ஸ்கிரீன் வந்துருச்சு, பாருங்க! ... ஹலோ! ... ஹலோ, யாராவது..."

யாரும் எடுக்கவில்லை. எடுக்க இரண்டு நிமிடம் ஆனது.

"... சிஸ்டர். ... ம். ... படிங்க. ... ம். ... ஒத்துக்காதுன்னு செவப்பு எழுத்துலயா. ... அந்த ஊசியேவா? ... பதிஞ்சது எத்தன மணிக்கு? ... காலைல எட்டு பதினாலு. ... ஊசி எப்பப் போட்டார்? ... மூணு அஞ்சு."

மூன்று மூன்றுக்கு வந்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த நேரத்துக்கு வந்திருந்தால் டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே திரையில் சிவப்பு எழுத்து எரிந்திருக்கும். ரோஸ்மிராவும் அதைத்தான் நினைக்கிறாள் என்பது அவள் மூச்சு விட்டதிலேயே தெரிந்தது.

"... இன்னும் நெஞ்ச அமுக்குறாங்களா? ... அமுக்கட்டும். ... அமுக்கட்டும் சிஸ்டர், நீங்க போங்க, நான் லைன்லயே இருக்கேன்."

எவுசேபியோ கை காட்டினார். ரேடியோவை அவள் காதருகே கொண்டுவந்து பிடித்தார். லா பால்சாவுக்கு மேலே மலைப்பாதையில் மாட்டிக்கொண்டிருந்த ரோந்து வண்டியிலிருந்து ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். இரைச்சலில் பாதிதான் பிடிபட்டது. மூன்று பத்துக்கு மணல் திட்டு முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. கோயில் மேட்டில் கூட்டம் கூட்டமாக ஆட்கள். எவுசேபியோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அவள் தோளைத் தட்டினார். நிடியா தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாம் கம்பத்துக்கு எதிரே இன்னும் ஒரு பதிலும் இல்லை.

மூன்று முப்பத்தொன்றுக்கு ரோஸ்மிரா திரும்பி வந்தாள்.

"... ம். ... எப்ப? ... இப்பவா. ... ம். ... டாக்டர் எங்க? ... உக்காந்துட்டாரா. ... நீங்க உக்காருங்க சிஸ்டர். ஒரு நிமிஷம் உக்காருங்க. ... அங்கயா? மேட்டுல நெறைய பேரு இருக்காங்களாம். அறுநூறு, எழுநூறுன்னு ரேடியோவுல சொல்றான். ... கீழ்த்தெரு தெரியல. ... தெரியல சிஸ்டர். ... அவரு பேரு என்ன? ... ஆர்கெமீரோ. ஆர்கெமீரோ குவெஸ்தா. ... மர லாரி ஓட்டுறவரா. ... சம்சாரம் மேல வந்துட்டாங்களா? ... வெளியதான் நிக்கிறாங்களா. ... நீங்க சொல்ல வேண்டாம். ... டாக்டரும் சொல்ல வேண்டாம். ஃபோன அவங்ககிட்டக் குடுங்க. ... குடுங்க. ... டாக்டர் தன் நெனவுல இருந்தத வெச்சு ஊசி போட்டார், நீங்க கண்ணக் கட்டுன மாதிரி நின்னீங்க. கண்ணக் கட்டுனது நான். ... அஞ்சரை நிமிஷம்னு சொல்லிட்டு மூணரையிலயே நிறுத்துனது நான். ... விசாரணைல என்ன வேணா சொல்லட்டும். அது வேற. இப்ப அவங்களுக்கு யாராவது சொல்லணும்ல? ... அவங்க பேரு? ... எதில்மா. ... குடுங்க சிஸ்டர்."

ஃபோன் கை மாறுவதற்கு நெடுநேரம் ஆனது. கதவு ஒன்று திறந்தது. ரோஸ்மிரா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். நடுவில் அவள் குரல் உடைந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. பாரம் தூக்குகிறவர்கள் தொண்டைக்குள் எழுப்புகிற சத்தம் போல இருந்தது. நிடியா எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உட்கார்ந்துகொண்டு பேசக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"ஹலோ... எதில்மாம்மாவா? ... அம்மா, என் பேரு நிடியா. உங்களுக்கு என்னத் தெரியாது. நான் கம்ப்யூட்டர் நிலையத்துல வேல பாக்குறேன். ... இல்லம்மா, ஆஸ்பத்திரியில இல்ல, வெளிய. ... ம். ... ம். ... ஆமா. சொன்னீங்க. ... ஆமாம்மா, காலைல கவுன்டர்ல நீங்க சரியாச் சொன்னீங்க, அந்த ஊசி அவருக்கு ஒத்துக்காதுன்னு. எழுதியும் வெச்சிருந்தாங்க. எட்டு பதினாலுக்கு எழுதியிருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ... எழுதுன எடத்த நான் மூடிட்டேன். ... மூணு மணிக்கு முன்னாடி. ... நான்தாம்மா. டாக்டர் இல்ல, சிஸ்டர் இல்ல. சிஸ்டர் வேண்டாம்னு சொன்னாங்க. எல்லாத்தையும் பேப்பர்ல எடுக்க நேரம் கேட்டாங்க, தர்றேன்னு சொல்லிட்டுத் தரல. ... பன்னண்டு நிமிஷத்துல திறந்துரும்னு நெனச்சேன். பதினெட்டு ஆயிருச்சு."

"... லா பால்சாவுக்காக. ... ஆத்துல வெள்ளம்மா. அங்க சைரன் ஊதணும், அதுக்கு அந்த எடம் வேணும். ரெண்டுக்கும் சேர்த்து எடம் இல்ல. ... பொழைச்சிருக்காங்க. நெறைய பேரு மேட்டுல இருக்காங்களாம். ... இல்ல. எல்லாரும்னு சொல்ல முடியாது. கீழ்த்தெருவுல யாரும் இன்னும் போய்ப் பாக்கல. ... இல்லம்மா, எனக்கு அங்க யாரும் இல்ல. ... ஒருத்தரும் இல்ல. ... அம்மா? ... திட்டுங்கம்மா. ... எதில்மாம்மா, இருக்கீங்களா?"

 எதில்மா ஃபோனை வைக்கவில்லை. எதன்மேலோ அதை அப்படியே கிடத்திவிட்டுப் போனாள் போலிருக்கிறது. நனைந்த செருப்பு தரையில் பதிந்து பதிந்து விலகிப்போவது கேட்டது. ஒரு திரைச்சீலை கம்பியில் வளையங்கள் உரச விலகியது. கொஞ்சம் இடைவெளி விட்டு, பயணம் கிளம்ப நேரமாகிவிட்ட ஒருவரை எழுப்புகிற குரலில், ஒரு பெயரை அவள் கூப்பிடத் தொடங்கினாள். முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் அதட்டலாக.

"ஹலோ... சிஸ்டர்? ... சிஸ்டர், அவங்க பக்கத்துல யாராவது போய் நில்லுங்க. ... சிஸ்டர், கேக்குதா? ... ஹலோ..."

யாரோ வந்து ஃபோனை எடுத்தார்கள். ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு லைன் கட்டானது.